நிற்கும்போதும் ஓடவேண்டிய வண்டி

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கார் அணைந்துபோகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அருகே வந்து, "தள்ளட்டுங்களா டீச்சர்?" என்று கேட்பார். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். ஆனால் ஒரே ஊரில், ஒரே இடத்தில், வாரம் தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்ல மனதின் மேலும் எரிச்சல் வரத்தான் செய்யும். பின்னால் ஒகேனக்கல் போகிற சுற்றுலா வேன்கள் வரிசையாக ஹாரன் அடிக்கும். நான் சாவியைத் திருப்புவேன். வண்டி இருமும். மறுபடி திருப்புவேன். பெட்ரோல் நாற்றத்தோடு உயிர் வரும். அதற்குள் என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பாதிப் பேர் என்னைப் பார்த்து முடித்திருப்பார்கள்.

பழைய வெள்ளை பெட்ரோல் கார் அது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்து இன்ஜின். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கக் கார்புரேட்டர், பிளக்குகளுக்கு முறைப்படி மின்பொறியைப் பிரித்துக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர். என் சம்பளத்தில் நானே வாங்கி, நானே ஓட்டப் பழகியது. ஏரியூர்ப் பக்கம் என் பள்ளிக்கூடம். காலையில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, சோளக்காட்டுக்கும் கடலைக்காட்டுக்கும் நடுவே அந்த வண்டியில் போகும் நேரம் மட்டும்தான் என் நாளில் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம்.

என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு புதுக் கார் வாங்கினார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது தலையைச் சாய்த்து, "ஓடுதா நின்னுடுச்சான்னே தெரியல பாரும்மா" என்று அதைப் பெருமையாகச் சொல்வார். அந்த வண்டியின் சாவி அவருடைய சட்டைப் பையிலிருந்து இறங்கவே இறங்காது. ஒருமுறை கேட்டேன். "புது வண்டிம்மா. நீ பழசுலயே ஓட்டிப் பழகினவ. ஒரு கீறல் வுழுந்தா மனசு கேக்காது" என்றார். யார் மனது என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் என் வண்டி இருந்ததே.

அந்த வண்டிக்கு வந்த நோய் இதுதான். ஓடும்போது ஏதோ சமாளித்துவிடும். நின்றால் நடுங்கும். ஜுரக்காரர் போர்வைக்குள் கிடந்து உதறுகிற மாதிரி ஸ்டீயரிங், கண்ணாடி, என் கைப்பை எல்லாமே உதறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். மேட்டில் இழுக்காது. கொஞ்ச தூரம் போனாலே சூடேறிவிடும். இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி கேஸ்கெட் மாற்றியதிலிருந்துதான் இந்த வினை.

அந்த வேலையைச் செய்தவர் தருமபுரி சாலையில் பட்டறை வைத்திருக்கும் பாய். நல்ல வேலைக்காரர், வாய்ச்சொல் தவறாதவர். அவர் பட்டறையில் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. துப்பாக்கி மாதிரிப் பிடிக்க வேண்டிய டைமிங் லைட். முதல் பிளக்கில் பொறி பறக்கும் ஒவ்வொரு முறையும் அது பளிச்சென்று மின்னும். அந்த மின்னலில் பார்த்தால், இன்ஜின் முன்னால் கிறுகிறுவென்று சுற்றுகிற புல்லி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். புல்லியில் இருக்கும் அடையாளம், பக்கத்தில் இருக்கும் ஊசியை ஒட்டிய பல்லுக்கு நேரே வந்தால் பொறி சரியான நேரத்தில் பறக்கிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் பாய் காதால் கேட்டுத்தான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைப்பார். லைட் வந்த பிறகு காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். எனக்கும் அது பிடித்திருந்தது. கணக்கு டீச்சருக்குக் கருவி மேல் நம்பிக்கை இல்லாமல் எப்படி?

லைட் அடித்துப் பார்த்தால் புல்லியில் இருந்த மஞ்சள் புள்ளி அந்தப் பல்லுக்கு நேரே சிலைபோல நின்றது. பாய் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க டீச்சரம்மா, நூல் புடிச்ச மாதிரி நிக்குது. டைமிங்ல ஒரு கொறையும் இல்லீங்க."

டைமிங்கில் குறை இல்லை என்றால் குறை வேறு எங்காவதுதான் இருக்க வேண்டும். பிளக் மாற்றினார். ஒயர் மாற்றினார். கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கழுவி மாட்டினார். அணையாமல் இருக்கப் பெட்ரோலைக் கூட்டி வைத்தார். வண்டி அணைவது கொஞ்சம் குறைந்தது, நாற்றம் கூடியது. ஒருநாள் சந்தேகத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இலேசாகத் திருப்பினார். அந்த நொடியில் இன்ஜின் சத்தம் மாறியது. உதறல் நின்று ஒரே சீராக உறுமியது. எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது.

"காதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா லைட்டு வேற சொல்லுதுங்களே" என்று தலையைச் சொறிந்தார். புள்ளி பல்லை விட்டு எங்கோ போயிருந்தது. இருவரும் லைட்டின் பக்கமே நின்றோம். டிஸ்ட்ரிபியூட்டர் பழைய இடத்துக்கே திரும்பியது, உதறலும் திரும்பியது.

இருபத்தைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் மறுபடி பதிவைப் புதுப்பிக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் புகைச் சான்று வேண்டும். புகை சோதிக்கிற நிலையத்தில் வண்டியை நிறுத்தி, ஓடவிட்டு, புகைக்குழலில் குழாயைச் செருகினார்கள். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல புகை வேணும்னா செங்கல் சூளைதாங்க போடணும் மேடம்" என்றார். நிற்கும்போது வரும் புகைதான் கணக்கு. அங்கேதான் என் வண்டியின் மானம் போனது.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தீர்ப்பைச் சொன்னார். "போதும்மா. காயலான் கடைக்காரருகிட்ட பேசிட்டன். திங்கக்கெழம வந்து இழுத்துட்டுப் போறன்னாரு. நீ என்னோட புது வண்டியிலயே வந்துடு. எறக்கி வுட்டுட்டு நான் கடைக்குப் போறன்."

எறக்கி விடுவதாம். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையில் அவருக்குத் தினமும் அத்தனை தூரம் அலைச்சல். ஆனால் அந்த வண்டி போய்விட்டால் நான் ஓட்டுவதற்கு என்று இந்த உலகத்தில் ஒன்றும் இருக்காது. வாழ்நாள் முழுதும் ஒரு பக்கத்து சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கிளம்புகிற நேரத்துக்குக் கிளம்பி, அவர் நிறுத்துகிற இடத்தில் இறங்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது தேய்ப்பேன். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளப்பாக இருப்பதற்கு என் குணம்தான் காரணம், சோப்பு இல்லை. சனிக்கிழமை காலையில் பாத்திரம் எல்லாம் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் டப்பாவையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு போய் காரின் பானட்டைத் திறந்தேன்.

"விக்கற வண்டிய எதுக்கும்மா கழுவற?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

"அழுக்கா அனுப்ப மாட்டனுங்க" என்றேன்.

அந்தக் காலத்து கார்களில் ஒரு வசதி, இன்ஜினைச் சுற்றிக் கை போக இடம் இருக்கும். வால்வு மூடி, பேட்டரிப் பெட்டி என்று தேய்த்துக்கொண்டே வந்து புல்லியில் பிரஷ்ஷை வைத்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் வீட்டுக்காரர் இன்ஜினுக்கு சில்வர் பெயின்ட் அடிப்பது வழக்கம். புல்லியிலும் ஆண்டாண்டாக அடித்த பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. உரிந்த இடத்தில் நகம் எங்கோ மாட்டியது. இன்னும் தேய்த்தேன். புல்லியின் விளிம்பில் அரிசி நீளத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. யாரோ கீறினது இல்லை. தொழிற்சாலையில் போட்ட மாதிரி நேராக, சுத்தமாக இருந்தது. பாய் நம்பிய மஞ்சள் புள்ளி அதிலிருந்து ஒரு விரல்கிடை தள்ளி இருந்தது.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு புல்லிக்கு இரண்டு அடையாளம் இருக்க முடியாது. ஒன்று உண்மை, ஒன்று பொய். எது எது என்று புல்லியிடம் கேட்டுப் பயனில்லை, உள்ளே இருக்கிற பிஸ்டனிடம்தான் கேட்க வேண்டும். முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது எந்த அடையாளம் ஊசிக்கு நேரே நிற்கிறதோ அதுதான் அசல். கைப்பேசியில் இது பற்றிய வீடியோக்களை நான் பார்த்துப் பார்த்து மனப்பாடமே செய்திருந்தேன். டிக்கியிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்து எல்லா பிளக்கையும் கழற்றினேன். முதல் துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் புல்லியின் நடு நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றினேன். கொஞ்சம் சுற்றியதும் உள்ளேயிருந்து காற்று கட்டைவிரலை முட்டித் தள்ளியது. பிஸ்டன் மேலே வந்துகொண்டிருந்தது.

இனி ஒரு குச்சி வேண்டும். இரும்பு விடப் பயம், ஈர்க்குச்சி உள்ளே ஒடிந்தால் கதை முடிந்தது. எதையும் தூக்கிப் போடாத என் வீட்டுக்காரர், அரசாங்கம் தடை செய்வதற்கு முன்பே வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்திய பிளாஸ்டிக் ஸ்ட்ராக்கள் நினைவுக்கு வந்தன. ஒன்றை எடுத்துவந்து துவாரத்தில் விட்டேன். சுற்றச் சுற்ற ஸ்ட்ரா மேலே எழுந்தது. ஓர் இடத்தில் நின்றது. இன்னும் சுற்றினால் இறங்க ஆரம்பித்தது. பின்னுக்குக் கொண்டுவந்து, மறுபடி முன்னுக்குக் கொண்டுபோய், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் அது நின்ற இடத்தில் நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன்.

ஊசிக்கு நேரே வெட்டு இருந்தது. மஞ்சள் புள்ளி இன்னும் வந்தே சேரவில்லை.

அதாவது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பறக்க வேண்டிய பொறி, பிஸ்டன் வந்து, திரும்பி, கீழே இறங்கப் புறப்பட்ட பிறகுதான் பறந்துகொண்டிருந்தது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சோறு கொண்டுவருகிறவனைப்போல. அப்புறம் வண்டி ஏன் இழுக்கும்? ஏன் சூடேறாது?

அப்படியானால் அந்த மஞ்சள் புள்ளி என்ன? நகத்தால் சுரண்டினேன். எனாமல் பெயின்ட், வட்டமாக வைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் கடுகளவு சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். காற்று வடிகட்டியின் மூடியில் அதே அளவில் மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. பேட்டரிப் பெட்டியில் ஒன்று. ரேடியேட்டர் நெற்றியில் ஒன்று.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். என் குரலில் என்ன இருந்ததோ, செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார்.

"இது என்னாங்க?"

"பொட்டும்மா" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல. "போன ஆயுத பூஜைக்கு வெச்சது. சந்தனம் கொழைச்சு வெச்சா எண்ணெயில நிக்க மாட்டேங்குது, வழிஞ்சிடுது. அதான் பெயின்ட்லயே வெச்சிட்டன். வருசா வருசம் வெக்கத் தேவயில்ல பாரு."

எதையும் ஒருமுறை செய்தால் மறுமுறை செய்யத் தேவையில்லாதபடி செய்கிற மனிதர். வாசல் கதவில் தோரணத்தையே ஆணி அடித்து வைத்தவர். புல்லியில் வைத்த குங்குமம் மட்டும் அதில் ஓடும் பெல்ட்டின் சூட்டில் உதிர்ந்துபோய்விட்டது. சந்தனம் நின்றது. மெக்கானிக்குகள் டைமிங்குக்கு வைக்கிற புள்ளியும் வெள்ளை அல்லது மஞ்சளில்தான் இருக்கும். பாவம் பாய், அவர் என்ன செய்வார்!

எனக்குச் சிரிப்பு வந்தது. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, பாய்க்குப் போன் போட்டு லைட்டோடு வரச் சொன்னேன்.

பாய் வந்தார். ஸ்ட்ராவைக் காட்டினேன், வெட்டைக் காட்டினேன், கடைசியாகப் பொட்டைக் காட்டினேன். ஒரு நிமிஷம் குனிந்த தலை நிமிராமல் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! இத்தன மாசமா நான் பொட்டுக்கா லைட்டு அடிச்சிட்டு இருந்தன்?"

"நல்லா தீபாராதன காட்டியிருக்கீங்க பாய்" என்றேன்.

எங்கள் மூவரில் அதிகம் சிரித்தவர் அவர்தான். என் வீட்டுக்காரர் மட்டும், "பொட்டு வெச்சது ஒரு குத்தமா?" என்று முனகிக்கொண்டு காபி போடுவதற்கு உள்ளே போனார். அவர் தானாகக் காபி போடப் போவது அபூர்வம்.

பிளக்குகளை மாட்டினோம். வெட்டில் வெள்ளைக் கோடு ஒன்றை நானே போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பாய் இன்ஜினை ஓடவிட்டார். வழக்கம்போல உதறியது. லைட்டைப் பிடித்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் பிடி நட்டைத் தளர்த்திவிட்டு அவர் ஒதுங்கி நின்றார்.

"நீங்களே திருப்புங்க டீச்சரம்மா. கண்டுபுடிச்சது நீங்கதான."

கையைத் துடைத்துக்கொண்டேன். மூடியைப் பிடித்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். மின்னலில் வெள்ளைக் கோடு நகர்ந்து வந்தது. ஊசியின் பக்கத்துப் பல்தான் உச்சிக்குச் சற்று முன்னால் பொறி பறக்க வேண்டிய இடம். கோடு அந்தப் பல்லை நெருங்க நெருங்க இன்ஜின் தன் குரலை மாற்றிக்கொண்டே வந்தது. முதலில் இருமல் போனது. பிறகு உதறல் போனது. கோடு பல்லோடு சேர்ந்ததும், இன்ஜின் தானாகவே வேகம் பிடித்து ஒரே மூச்சாகப் பாட ஆரம்பித்தது.

"வுட்றாதீங்க, அங்கயே புடிங்க!" என்று கத்திக்கொண்டே பாய் நட்டை இறுக்கினார்.

இத்தனை நாள் அணையாமல் இருப்பதற்காக ஏற்றி வைத்த வேகத்தை அவர் ஸ்குரூவில் இறக்கினார். இன்னும் இறக்கினார். அணையவில்லை. கூட்டி வைத்த பெட்ரோலைக் குறைத்தார். நாற்றம் அடங்கியது. என் வீட்டுக்காரர் காபித் தம்ளர்களோடு வந்து, வைக்க இடம் பார்த்து, பழக்கத்தில் காரின் மட்கார்டு மேலேயே வைத்துவிட்டார். மூவரும் அந்தத் தம்ளர்களையே பார்த்தோம். காபியின் மேல் ஆடைகூடக் கலையவில்லை. நான் அங்கேயே நின்று, ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில், அந்தக் காபியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்தான். ஆனாலும் அவ்வளவு ருசியான காபியை நான் குடித்ததில்லை.

மதியமே புகை நிலையத்துக்கு வண்டியை விட்டேன். செங்கல் சூளைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்காமலே, "மறுபடியுங்களா மேடம்?" என்றார். குழாயைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தவர், எழுந்து போய்ப் பின்னால் குனிந்து குழாய் கழன்றுவிட்டதா என்று பார்த்தார். கழலவில்லை. இன்னும் அழுத்திச் செருகினார். திரை அதையேதான் சொன்னது. சான்றை அச்சடித்துக் கொடுக்கும்போது, "என்ன மேடம் பண்ணீங்க?" என்று கேட்டார். "பொட்ட அழிச்சனுங்க" என்றேன். புரியாமல் தலையாட்டினார்.

ஆனால் சான்று மட்டும் போதாது. திங்கட்கிழமை வருகிற இழுவை வண்டியை நிறுத்த வேண்டியவர் என் வீட்டுக்காரர். காலையில் காபி போட்டுக் கொடுத்தவர், காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டபாடில்லை. "நாளைக்கு ஒகேனக்கல் மலைப்பாதையில எறங்கி ஏறிட்டு வரலாங்க. நீங்க பக்கத்துல ஒக்காருங்க" என்றேன். ஏறும்போது மூச்சு வாங்கி நின்றால் நானே சாவியைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னேன். அவர் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குவதில் ஒன்றும் இல்லை. கீழே ஆற்றைப் பார்த்தோம், பொரித்த மீன் தின்றோம், திரும்பினோம். ஏற்றம் தொடங்கியதும் அவர் கை கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டது. பாதையோரச் சுவரில் குரங்குகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. முன்பு கியரை மாற்றி மாற்றிக் கெஞ்சிக்கொண்டு ஏறிய வளைவுகளில் வண்டி என்னைக் கேட்காமலே ஏறியது. வெப்ப முள் பாதியைத் தாண்டவே இல்லை. இரண்டாவது வளைவுக்கு மேல் அவர் கை கதவுப் பிடியை விட்டது. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. மெல்லப் பாடினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மேல் வளைவு ஒன்றில் ஒரு பேருந்து திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. வண்டிகள் எல்லாம் நின்றன. செங்குத்து மேட்டில், கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு நானும் நின்றேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. காயலான் கடைக்காரர். ஒலி பெரிதாக வைக்கும் பழக்கம் அவருக்கு. எனக்கே தெளிவாகக் கேட்டது.

"நாளைக்குக் காலையில வண்டி எடுத்துக்கலாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். முன்னால் இருந்த பேருந்தைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? வண்டி அவுங்களுது. அவுங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, பானட்டுக்கு நேராகப் போனைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன்.

"கேட்டுதுங்களா?"

"ஒண்ணுமே கேக்கலீங்களே. லைன் போயிடுச்சா?"

"இல்லீங்க. இன்ஜின் ஓடிக்கிட்டிருக்குது. அதனால குடுக்கறதில்ல" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பேருந்து ஒருவழியாகத் திரும்பி மேலே போனது. நான் முதல் கியரைப் போட்டேன். பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.